ஒளிப்படப் பட்டியலாக்க மென்பொருள்

ஒளிப்படப் பட்டியலாக்க மென்பொருள் என்பது எண்ணிம ஒளிப்படங்களைக் கணினிக்குள் இறக்குதல், பெயரிடுதல், வகைப்படுத்துதல், தேடுதல், பாதுகாத்தல் ஆகிய பணிகளைத் தரவுத்தளம் ஒன்றின் துணையுடன் செய்ய உதவும் மென்பொருள் ஆகும். ஒளி, நிறம் முதலியவற்றைத் திருத்தும் மென்பொருள்களிலிருந்து இது வேறானது. எனினும் இரண்டு பணிகளையும் ஒன்றாகச் செய்யும் மென்பொருள்களும் உள்ளன. நூலகத்தில் நூல்கள் அடுக்கில் இருக்க, அவற்றைப் பற்றிய குறிப்புகள் பட்டியல் அட்டைகளில் இருப்பது போல, இங்கு படக்கோப்புகள் வன்தட்டில் இருக்கும். அவற்றைப் பற்றிய செய்திகளும் சிறுபடங்களும் பட்டியலில் இருக்கும். ஒரு நூலை ஒரே அடுக்கில்தான் வைக்க முடியும். ஆனால் அதற்கு எத்தனை அட்டைகளையும் எழுதலாம். பட்டியலாக்க மென்பொருளின் அடிப்படைப் பயன் இதுவே.

இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய மீனவ ஊர்களைச் சார்ந்தவை. பெயர், இடம், காலம் என மூன்றிலும் சிக்கல் தரும் ஒளிப்படத் தொகுப்புக்கு இப்பகுதி நல்ல சான்றாக அமைகின்றது.

தேவை

பழவேற்காடு ஏரி சில்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி ஆகும். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளது. சிறீகரிக்கோட்டைத் தீவு இதனை வங்காள விரிகுடாவிலிருந்து பிரிக்கின்றது. ஆரணியாறு, காளங்கி முதலிய ஆறுகள் இதில் கலக்கின்றன. பக்கிங்காம் கால்வாய் இதன் வழியே செல்கின்றது. 1613 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் இங்கு கெல்திரியா கோட்டையைக் கட்டினர். அக்கோட்டை இன்று இல்லை. ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் ஆய்வகத்தின் பாதுகாப்பில் உள்ளது. குளிர்காலத்தில் பூநாரைகள் உள்ளிட்ட நீர்ப்பறவைகள் பெருந்தொகையில் இங்கு வருகின்றன.

எனவே ஒரே நாளில் இங்கு எடுக்கப்படும் படங்களில் பறவை, படகு, கல்லறைக் கல்வெட்டு, இறால் கூடை, கடல் அரித்த கரை என எல்லாம் இருக்கும். படம் ஒன்று ஏறத்தாழ 25 மெகாபைட்டு எனக் கொண்டால், ஒரு காலைப் பொழுதில் எடுக்கும் 400 படங்கள் 10 ஜிகாபைட்டு இடத்தை நிரப்பும். இடம் இன்று பெரிய இடர் அன்று. மூன்று ஆண்டுகள் கழித்து "முகத்துவாரம் மணலால் அடைபட்டிருந்தபோது எடுத்த படங்கள் எவை?" என்று எவரேனும் கேட்டால், விடை கூற முடியாமல் போவதே இடர்.

இக்கேள்வி பொழுதுபோக்குக் கேள்வி அன்று. ஏரி கடலுடன் சேரும் முகத்துவாரம் அடைபட்டால் படகுகள் கடலுக்குச் செல்ல இயலாது. ஏரிக்குள் இறாலும் மீனும் வருவது குறையும். சோழமண்டலக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காகப் பெயர்கின்றது. கடலுக்குள் கட்டப்படும் சுவர்கள் இப்பெயர்ச்சியைத் தடுப்பதால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகத்தின் தெற்கே மெரினா விரிந்ததும் வடக்கே இராயபுரம் கரையை இழந்ததும் இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று. பழவேற்காட்டின் தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் உள்ளன. கரை முன்பு எங்கிருந்தது என்ற வழக்கில் மீனவர் கையில் இருக்கக்கூடிய எளிய சான்று ஒளிப்படமே. ஆனால் நாளும் இடமும் தெரியாத படம் சான்றாக நிற்பது அரிது.

அடைவும் பட்டியலும்

மென்பொருள் இல்லாதபோது மக்கள் படங்களை அடைவுகளில் பிரித்து வைக்கின்றனர். இம்முறை விரைவில் முட்டி நிற்கும். கோட்டைக்குப்பத்தில் விடியலில் வலை இழுக்கும் படகின் பின்னே பூநாரைகள் பறக்கும் படத்தைப் "பறவைகள்" அடைவில் வைப்பதா, "படகுகள்" அடைவில் வைப்பதா? இரண்டிலும் வைத்தால் ஒரே படம் இரு கோப்புகளாகும். ஒன்றைத் திருத்தினால் மற்றது பழையதாகவே இருக்கும்.

பட்டியலாக்க மென்பொருள்களைப் பயன்படுத்துவோர் பொதுவாக அடைவுகளுக்கு ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றை மட்டும் பெயராக இடுகின்றனர். பொருளைக் குறிக்கும் வேலை முழுவதும் பட்டியலுக்கு விடப்படுகின்றது. இப்பிரிவினையே சிறந்தது எனலாம், ஏனெனில் ஒரு படம் எடுக்கப்பட்ட நாள் ஒன்றே. அதன் பொருள்கள் பல.

கோப்புப் பெயரும் கவனிக்கத்தக்கது. 1998 இல் சப்பானில் வகுக்கப்பட்ட கோப்பு முறைமை விதியின்படி, ஒளிப்படக் கருவிகள் நான்கு எழுத்துகளும் 0001 முதல் 9999 வரையிலான எண்ணும் கொண்ட பெயரை இடுகின்றன. பத்தாயிரமாவது படத்தில் எண் மீண்டும் தொடக்கத்துக்குத் திரும்பும். இரண்டு கருவிகளின் படங்களை ஒரே அடைவில் இட்டால் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்படவும் கூடும். இதனால் படங்களை இறக்கும்போதே "2024-01-14_பழவேற்காடு_0001" என்பது போன்ற பெயரைத் தானாக இடும்படி மென்பொருளை அமைப்பது வழக்கம். ஆண்டு முதலிலும் நாள் இறுதியிலும் வருவதால் பெயர் வரிசையே கால வரிசையாகவும் அமைகின்றது.

மீதரவு

படத்தைப் பற்றிய தரவு மீதரவு எனப்படுகின்றது. இது மூன்று வடிவங்களில் கோப்புக்குள் எழுதப்படுகின்றது.

முதலாவது எக்சிஃப். 1995 இல் சப்பானிய மின்னணுத் தொழில் அமைப்பு ஒன்றினால் வெளியிடப்பட்ட இது, ஒளிப்படக் கருவியே எழுதும் பகுதி ஆகும். எடுத்த நேரம், கருவியின் வகை, குவியத் தொலைவு, ஒளி நுழைந்த கால அளவு, புவி ஆள்கூறுகள் முதலியன இதில் இருக்கும். இரண்டாவது ஐபிடிசி. செய்தி நிறுவனங்கள் படங்களைத் தந்தி வழி அனுப்பிய காலத் தேவைகளிலிருந்து பிறந்த இது, தலைப்பு, விளக்கம், எடுத்தவர் பெயர், குறிச்சொல் ஆகியவற்றைத் தாங்கும். மூன்றாவது அடோபி நிறுவனம் 2001 இல் அறிமுகப்படுத்திய எக்ஸ்எம்பி. 2012 இல் இது அனைத்துலகச் சீர்தரமாகவும் ஏற்கப்பட்டது. இதனைப் படத்துக்குள்ளும் எழுதலாம், படத்தின் அருகே துணைக்கோப்பாகவும் வைக்கலாம். மூலக்கோப்பைத் தொட விரும்பாதோர் துணைக்கோப்பையே தெரிகின்றனர்.

தமிழில் எழுதுவோருக்கு இம்மூன்றும் சமமானவை அல்ல. எக்சிஃப் நீண்டகாலம் ஆங்கில எழுத்துகளுக்கான அசுக்கி குறிமுறையையே முதன்மையாகக் கொண்டிருந்தது. 2023 இல் வந்த அதன் 3.0 ஆம் பதிப்பில்தான் யூடிஎஃப்-8 குறிமுறைக்கு முறையான இடம் கிடைத்தது. பழைய ஐபிடிசி வடிவில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்டுகள் மட்டுமே உண்டு. ஆங்கில எழுத்து ஒரு பைட்டில் அடங்கும். தமிழிலோ ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளை எடுக்கும். புள்ளியும் துணையெழுத்தும் தனித்தனிக் குறிகள். ஆகவே 21 குறிகளுக்கு மேல் இடமில்லை. "பழவேற்காடு" என்னும் சொல்லுக்கு 30 பைட்டுகள் போதும். "கோட்டைக்குப்பம் மீனவர் ஊர்" என்பதற்கு 74 பைட்டுகள் வேண்டும். ஆதலால் சில மென்பொருள்களில் அது நடுவில் வெட்டுப்படும். எக்ஸ்எம்பியில் இவ்வரம்பு இல்லை. தமிழ்க் குறிச்சொற்களுக்கு அதுவே பொருத்தமானது.

சமூக வலைத்தளங்களும் வாட்சப் போன்ற செய்திச் செயலிகளும் படத்தை அனுப்பும்போது மீதரவைப் பெரும்பாலும் நீக்கிவிடுகின்றன. நகர்பேசிகளின் வழி ஊர் முழுதும் பரவிய படம் ஒன்றில் எடுத்த நேரமும் இடமும் இல்லாமல் போவது இதனால்தான். மூலக்கோப்பு எடுத்தவரிடம் மட்டுமே இருக்கும்.

நாளும் நேரமும்

ஒளிப்படக் கருவியின் கடிகாரம் தவறாக இருப்பது மிகப் பரவலான பிழை ஆகும். மின்கலம் முழுதும் தீர்ந்த கருவி தொழிற்சாலை இட்ட நாளுக்குத் திரும்பும். சப்பானிய நேரத்திலேயே விடப்பட்ட கருவி இந்திய நேரத்திலிருந்து மூன்றரை மணிநேரம் முந்தியிருக்கும். காலை 5.40 மணிக்குக் கரையிலிருந்து புறப்பட்ட படகு 9.10 மணிக்குப் புறப்பட்டதாகப் பதிவாகும். 2016 இல் வெளியான எக்சிஃப் 2.31 வரை, நேர வலயத்தைக் குறிக்கும் புலமே அச்சீர்தரத்தில் இருக்கவில்லை.

இப்பிழையைத் திருத்துவது எளிது. எல்லாப் படங்களும் ஒரே அளவு பிழைபட்டிருப்பதால் ஒரு படத்தின் சரியான நேரம் தெரிந்தால் போதும். பலர் படப்பிடிப்பின் தொடக்கத்தில் நகர்பேசியின் கடிகாரத்தையோ செய்மதி இடங்காட்டியின் திரையையோ ஒரு படம் எடுத்து வைக்கின்றனர். மென்பொருள் வேறுபாட்டைக் கணித்து, தெரிந்தெடுத்த அனைத்துப் படங்களையும் ஒரே கட்டளையில் நகர்த்தும். இதனைச் செய்வதற்கு முன் மூலக்கோப்புகளுக்குப் படி எடுத்துக்கொள்வது இன்றியமையாதது.

பழைய அச்சுப் படங்களை வருடும்போது வேறொரு குழப்பம் நேர்கின்றது. வருடி, வருடிய நாளையே கோப்பில் எழுதும். 1970களில் எடுத்த கட்டுமரப் படம் 2019 ஆம் ஆண்டுக்குரியதாகப் பட்டியலில் நிற்கும். எக்சிஃபில் எடுத்த நாளுக்கும் எண்ணிமமாக்கிய நாளுக்கும் தனித்தனிப் புலங்கள் உள்ளன. இரண்டையும் வேறுபடுத்தி நிரப்ப வேண்டும். எடுத்த நாள் துல்லியமாகத் தெரியாதபோது 1 சனவரி என்று இட்டு நிரப்புவது தவறான துல்லியத்தைத் தரும். "1970கள்" என்று விளக்கப் புலத்தில் எழுதுவதே நேர்மையானது.

இடம்

நகர்பேசிகள் புவி ஆள்கூறுகளைத் தாமே எழுதுகின்றன. அவ்வசதியில்லாத கருவிகளுக்கு, இடங்காட்டி பதிந்த பயணத் தடத்தை மென்பொருளில் ஏற்றி, நேரத்தை ஒப்பிட்டு ஒவ்வொரு படத்துக்கும் இடத்தைக் குறிக்கலாம். கடிகாரம் சரியாக இருந்தால் மட்டுமே இது சரியாக அமையும். படகிலிருந்து எடுத்த படங்களில் பத்து நிமிடப் பிழையே இடத்தை வெகுதொலைவு தள்ளிவிடும். ஆள்கூறுகளில் பதின்மப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்கள் இருந்தால் துல்லியம் ஏறத்தாழ 11 மீட்டர் ஆகும்.

ஆள்கூற்றிலிருந்து ஊர்ப்பெயரைத் தானாகப் பெறும் வசதியும் உண்டு. இதில் எச்சரிக்கை வேண்டும். நிலப்படத் தரவுகளில் சிறு குப்பங்கள் பல இடம்பெறுவதில்லை. அப்போது அருகிலுள்ள பெரிய ஊரின் பெயர் ஒட்டிக்கொள்ளும். ஏரியின் நடுவில் எடுத்த படம் எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்பதிலும் பிழை நேரலாம். கூனங்குப்பத்தில் வாழும் ஒருவருக்குக் கூனங்குப்பமும் வைரவன்குப்பமும் ஒன்றல்ல. அவ்வூர்களின் பெயர்களைக் கையால் எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

கரை மாற்றத்தைப் பதிய விரும்புவோர் ஆள்கூற்றுடன் திசையையும் காக்க வேண்டும். எக்சிஃபில் இதற்கெனத் தனிப் புலம் உள்ளது. ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில், அதே குவியத் தொலைவில் ஆண்டுதோறும் எடுக்கும் படங்கள் மீள்படம் எனப்படும். கலங்கரை விளக்கம் போன்ற அசையாப் பொருள் ஒன்று சட்டத்துக்குள் இருப்பது ஒப்பீட்டை எளிதாக்கும். ஒரு குறிச்சொல்லால் இவற்றைக் கட்டிவைத்தால் பத்தாண்டுப் படங்களும் ஒரே நொடியில் திரையில் வரிசையாக வரும்.

குறிச்சொற்கள்

குறிச்சொல் இடுவதே இப்பணியில் மிகுந்த உழைப்பை வேண்டுவது. இதில் முதல் விதி, ஒரு பொருளுக்கு ஒரே சொல். பழவேற்காடு என்னும் ஊர் பழவேர்க்காடு, புலிகாட் என்றும் எழுதப்படுகின்றது. ஒல்லாந்தர் ஆவணங்களில் வேறு வடிவங்களும் உள்ளன. ஒன்றைத் தலைச்சொல்லாகக் கொண்டு மற்றவற்றை அதன் மாற்றுப்பெயராகப் பதிவது நூலக முறை. லைட்ரூம் போன்ற சில மென்பொருள்கள் மாற்றுப்பெயர்களுக்கு இடம் தருகின்றன. பறவைகளிலும் இதே நிலைதான். பூநாரையைச் சிலர் செங்கால் நாரை எனக் குறிப்பர். ஆனால் அது வேறொரு பறவையின் பெயர்.

இரண்டாவது, படிநிலை. "தமிழ்நாடு, திருவள்ளூர், பழவேற்காடு, நடுவூர் மாதா குப்பம்" என மரமாக அமைத்தால், கடைசிக் கிளையைத் தெரிந்தவுடன் மேலுள்ளவை தாமே சேரும். வலைகளுக்கும் மீன்களுக்கும் இவ்வாறே மரம் அமைக்கலாம். இவற்றில் நூற்சொல்லைவிட ஊர்ச்சொல்லே சிறந்தது. பழவேற்காட்டில் மீனவர்கள் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் மரபு "பாடு" எனப்படுகின்றது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்கள் இதில் மரபுரிமை உடையவை. "மீன்பிடித்தல்" என்ற பொதுக் குறிச்சொல் இம்மரபைப் பற்றி எதுவும் கூறாது. "பாடு" என்ற குறிச்சொல்லும் அவ்விடத்தின் பெயரும் நாளும் சேர்ந்தால் படம் உரிமை ஒன்றின் பதிவாகின்றது. ஏரியில் இருளர் கையால் தடவி இறால் பிடிப்பதும் அவ்வாறே தனிச் சொல்லுக்கு உரியது.

தமிழ் எழுத்துமுறை சார்ந்த சிக்கல்கள் சில உள்ளன. ஒருங்குறியில் "கோ" என்னும் எழுத்தை இரு குறிகளாலும் எழுதலாம், மூன்று குறிகளாலும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. குறிகளை இயல்பாக்கம் செய்யாத மென்பொருளில் ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. இதனினும் கெட்டது ஔகாரம். "பௌர்ணமி" என்பதை ஒற்றைக் கொம்பும் ளகரமும் இட்டு "பெளர்ணமி" எனத் தட்டுவோர் பலர். இவ்விரண்டும் ஒருங்குறியில் வெவ்வேறு சொற்களே; எந்த இயல்பாக்கமும் இவற்றை ஒன்றாக்காது. முழுநிலவு நாளின் ஓதப் பெருக்கைப் பதிந்த படங்கள் இதனால் இரண்டு குறிச்சொற்களில் சிதறிக் கிடக்கும். டிஸ்கி, டாப் முதலிய பழைய குறிமுறைகளில் எழுதப்பட்ட தலைப்புகள் ஒருங்குறிக்கு மாற்றப்படாவிட்டால் பொருளற்ற எழுத்துகளாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010 இல்தான் ஒருங்குறியை ஏற்று ஆணை வெளியிட்டது என்பதால், அதற்கு முந்திய தொகுப்புகளில் இது அடிக்கடி காணப்படும்.

அகரவரிசையும் பிழைபடும். பல மென்பொருள்கள் பயன்படுத்தும் எஸ்கியூலைட் தரவுத்தளம், வேறு விதி தரப்படாதபோது பைட்டு வரிசைப்படியே அடுக்கும். ஒருங்குறியில் ளகரம் ழகரத்துக்கு முன் வருவதால் "வலை, வள்ளம், வழி" என அமையும். தமிழ் முறைப்படி "வழி" இரண்டாவதாக வர வேண்டும். "ஜமீலாபாத்" சகரத்தை அடுத்து வந்து நிற்கும்.

தன்னியக்கம்

மீண்டும் மீண்டும் செய்யும் வேலைகளை மென்பொருளிடம் ஒப்படைப்பது தன்னியக்கம் ஆகும். நினைவட்டையைச் செருகியவுடன் படங்களைப் படியெடுத்தல், பெயர் மாற்றுதல், எடுத்தவர் பெயரையும் உரிமக் குறிப்பையும் எழுதுதல், இரண்டாவது வன்தட்டில் ஒரு படி வைத்தல் ஆகிய நான்கையும் ஒரே வார்ப்புருவில் அடக்கலாம். நிபந்தனைத் தொகுப்பு என்பது மற்றொரு பயனுள்ள வசதி. "நவம்பர் முதல் மார்ச் வரை, பூநாரை, மூன்று விண்மீன்களுக்கு மேல்" என ஒருமுறை விதி எழுதிவிட்டால், புதிதாக வரும் படங்களும் தாமே அதில் சேரும்.

கட்டளை வரியில் இயங்கும் எக்சிஃப்டூல் இத்துறையில் தனியிடம் பெற்றது. பில் ஆர்வி என்பவர் 2003 முதல் உருவாக்கி வரும் இக்கட்டற்ற மென்பொருள், ஆயிரக்கணக்கான கோப்புகளின் மீதரவை ஒரே கட்டளையில் படிக்கவும் மாற்றவும் வல்லது. வேறு பல மென்பொருள்கள் உள்ளே இதனையே பயன்படுத்துகின்றன. தவறான கட்டளையும் அதே வேகத்தில் ஆயிரம் கோப்புகளை மாற்றிவிடும் என்பதால், இது இயல்பாக மூலக்கோப்பின் படி ஒன்றை விட்டுவைக்கின்றது.

இரட்டைப் படங்களைக் கண்டறிய இரு முறைகள் உண்டு. எஸ்எச்ஏ-256 போன்ற சுருக்கக் குறி, கோப்புகள் பைட்டுக்குப் பைட்டு ஒன்றா என்று கூறும். அளவு குறைக்கப்பட்ட படத்தை அது வேறொன்றாகவே கருதும். தோற்றச் சுருக்கக் குறி என்பது படத்தை மிகச் சிறிய சாம்பல்நிறக் கட்டங்களாக்கி ஒப்பிடுவதால், ஒத்த தோற்றமுள்ளவற்றைக் கண்டுபிடிக்கும். ஆனால் தொடர்ந்து எடுத்த இரண்டு பூநாரைப் படங்களையும் அது ஒன்றெனக் கூறக்கூடும். அழிக்கும் முடிவை அதனிடம் விடலாகாது.

2010களின் நடுவிலிருந்து படத்தில் உள்ள பொருளைக் கணினியே அறிந்து குறிச்சொல் இடுவது பரவியது. 2021 இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட கிளிப் போன்ற நரம்பியல் வலையமைப்புகள் படத்தையும் சொற்றொடரையும் ஒரே அளவுகோலில் ஒப்பிடுகின்றன. "நீரில் நிற்கும் இளஞ்சிவப்புப் பறவைகள்" என்று தேடினால், யாரும் குறிச்சொல் இடாத படமும் கிடைக்கும். பறவை, படகு, கடற்கரை போன்றவற்றில் இவை நன்கு பயன்படுகின்றன. உள்ளூர்ப் பொருள்களில் தடுமாறுகின்றன. கட்டுமரம் இதற்கு வேடிக்கையான சான்று. தமிழ்ச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற "கேட்டமரான்" இன்று இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகையே பெரிதும் குறிக்கின்றது. ஆங்கிலப் படங்களில் பயின்ற கணினியிடம் அச்சொல்லைக் கொடுத்தால் வெண்ணிறப் பாய்ப்படகுகளைத் தேடிச் செல்லும். மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த மூலப்பொருளை விட்டுவிடும். தானாக இட்ட குறிச்சொற்களைத் தனிக் கிளையில் வைத்து, மனிதர் சரிபார்த்த பின்பே முதன்மை மரத்தில் சேர்ப்பது இதனால் பரிந்துரைக்கப்படுகின்றது.

முகமறிதலும் தனியுரிமையும்

முகங்களைக் குழுவாக்கும் வசதி குடும்பப் படங்களுக்கு மிகவும் உதவும். ஊர் ஒன்றின் படங்களுக்கு அதனைப் பயன்படுத்தும்போது வேறு கேள்விகள் எழுகின்றன. மீனவர் ஒருவரின் முகமும் பெயரும் நாளும் இடமும் ஒரே கோப்பில் சேர்ந்தால், அவர் எந்த நாளில் எங்கு வலையிட்டார் என்பது எவருக்கும் தெரியும். பாடு பற்றிய பிணக்கிலோ, தடைக்காலத்திலோ, போராட்டத்துக்குப் பின்னரோ அது அவருக்கே எதிராகத் திரும்பக்கூடும். இந்தியாவின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இல் இயற்றப்பட்டது. தனிப்பட்ட அல்லது வீட்டுப் பயன்பாடு அச்சட்டத்துக்கு வெளியே உள்ளது. நிறுவனங்களின் தொகுப்புகளுக்கு இவ்விலக்கு இல்லை.

நடைமுறையில், பெயர்களைப் பட்டியலில் மட்டும் வைத்து, வெளியே அனுப்பும் படிகளில் பெயரும் ஆள்கூறும் நீக்கப்படும்படி ஏற்றுமதி வார்ப்புருவை அமைக்கலாம். அருகிவரும் உயிரினங்களின் படங்களுக்கும் இது பொருந்தும். ஐநேச்சுரலிஸ்டு தளம் அத்தகைய உயிரினங்களின் இடத்தைத் தானாகவே மங்கலாக்கிக் காட்டுகின்றது.

மென்பொருள்களின் வரலாறு

இத்துறையின் வரலாறு பெரும்பாலும் கைவிடப்பட்ட மென்பொருள்களின் வரலாறாக உள்ளது. ஐவியூ மீடியாபுரோ 2006 இல் மைக்ரோசாப்டிடம் சென்று, 2010 இல் ஃபேஸ் ஒன் நிறுவனத்திடம் கைமாறி, 2018 இல் நிறுத்தப்பட்டது. 2004 இல் கூகுள் வாங்கிய பிக்காசா, இலவசமாகக் கிடைத்ததால் இந்தியாவிலும் பரவலாகப் பயன்பட்டது; 2016 இல் கைவிடப்பட்டது. ஆப்பிளின் ஐபோட்டோ 2002 இலும் அப்பர்ச்சர் 2005 இலும் வந்தன. 2015 இல் இவ்விரண்டின் இடத்தையும் போட்டோசு என்னும் புதிய மென்பொருள் பிடித்தது. அடோபியின் லைட்ரூம் 2007 இல் வெளியாகி, 2017 இல் இரு கிளைகளாகப் பிரிந்தது. 2015 இல் தொடங்கிய கூகுள் போட்டோசு, 2021 சூன் வரை அளவற்ற இலவச இடம் அளித்தது.

கட்டற்ற மென்பொருள்களில் டிஜிகேம் மூத்தது. 2001 இல் தொடங்கிய இது லினக்சு, விண்டோசு, மாக் இயக்குதளங்களில் இயங்கும். அண்மைக்காலத்தில் சொந்த வழங்கியில் நிறுவிக்கொள்ளும் போட்டோபிரிசம், இம்மிச் ஆகியவை பரவி வருகின்றன.

கைவிடப்பட்ட மென்பொருளால் படங்கள் அழிவதில்லை. அழிவது பட்டியல். பிக்காசா முகப்பெயர்களை அடைவுக்குள் மறைந்திருக்கும் சிறு கோப்புகளில் வைத்தது. அவற்றை அறியாது அடைவை மாற்றியோர் பெயர்களை இழந்தனர். லைட்ரூமில், பயனர் அமைப்பை மாற்றாதவரை, குறிச்சொற்கள் பட்டியலில் மட்டுமே இருக்கும்; படக்கோப்பிலோ துணைக்கோப்பிலோ எழுதப்படா. அவ்வமைப்பை முதல் நாளிலேயே மாற்றிக்கொள்வது நல்லது.

பழைய படங்களின் தொகுப்புகள்

தமிழகத்தில் ஒளிப்படப் பட்டியலாக்கம் கணினிக்கு முன்பே தொடங்கியது. 1955 இல் நிறுவப்பட்ட பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் படம்பிடித்து, இடத்தின்படியும் பொருளின்படியும் அட்டைகளில் ஒழுங்குபடுத்தியது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட படங்கள் கொண்ட அத்தொகுப்பு பின்னர் எண்ணிமமாக்கப்பட்டது. களவுபோன சிலைகள் எக்கோயிலுக்கு உரியவை என்பதை நிறுவ அதன் பழைய படங்கள் சான்றாகப் பயன்பட்டுள்ளன. படத்தின் பின்னே கோயிலின் பெயரும் நாளும் குறிக்கப்பட்டிருந்ததே இதற்குக் காரணம்.

தமிழ் ஊர்களின் ஒளிப்பட நிலையங்களில் எஞ்சிய பழைய படங்களை எண்ணிமமாக்கும் பணிக்குப் பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டம் உதவியுள்ளது. இத்தகைய படங்களில் சிக்கல் நேர்மாறானது. படம் நன்றாக இருக்கும். அதில் இருப்பவர் யார் என்பது தெரியாது. முதியவர்கள் உள்ளபோதே அவர்களிடம் கேட்டு, அவர்கள் கூறியதை ஒலிக்கோப்பாகப் படத்துடன் இணைத்து வைப்பது சில தொகுப்புகளில் கையாளப்படுகின்றது.

காப்புப்படி

பீட்டர் குரோக் என்னும் ஒளிப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 விதி இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என்பது இதன் பொருள். கடற்கரை ஊர்களுக்கு மூன்றாவது பகுதியே முதன்மையானது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் போதும் 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின் போதும் நீர் புகுந்த வீடுகளில், ஒரே அலமாரியில் இருந்த இரண்டு படிகள் ஒரு படிக்குச் சமமாயின. உப்புக்காற்று வன்தட்டின் இணைப்பிகளை அரிப்பதால், காற்றுப்புகாப் பெட்டியில் ஈரமுறிஞ்சியுடன் வைப்பது வழக்கம்.

படங்களுக்குக் காப்புப்படி எடுப்போர் பலர் பட்டியல் கோப்பை மறந்துவிடுகின்றனர். அது வழக்கமாக வேறொரு அடைவில் இருக்கும். மென்பொருள் இயங்கிக்கொண்டிருக்கும்போது அதனைப் படியெடுத்தால் கோப்பு முழுமையற்றதாக அமையலாம். மூடிய பின்னரோ மென்பொருளின் சொந்தக் காப்பு வசதி வழியாகவோ எடுக்க வேண்டும். இறக்கும் நாளிலேயே ஒவ்வொரு படத்துக்கும் சுருக்கக் குறியைப் பதிந்து, ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் கணித்து ஒப்பிட்டால், அமைதியாகப் பழுதுபட்ட கோப்புகள் வெளிப்படும். பழுதான கோப்பை நல்ல படியிலிருந்து மாற்றுவதற்கு முன், அந்த நல்ல படியின் குறியும் முதல் நாள் குறியுடன் ஒத்திருக்கின்றதா என்று பார்க்கப்படுகின்றது.